‘கலைச்சாச்சு’, ‘கலைஞ்சிடுச்சு’: கருக்கலைப்புக் கவிதைகளை முதன்முதலாக வாசிக்கப் போகிறவர்களுக்கு

கரு போனதைச் சொல்ல நம் வீடுகளில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘கலைஞ்சிடுச்சு’ என்றால் தானாக நடந்தது. ‘கலைச்சாச்சு’ என்றால் முடிவெடுத்துச் செய்தது. முடிவை விட்டுவிட்டால், நடுவில் மாறுவது ஒரே ஒரு மெய்யெழுத்து. முதல் சொல்லைக் கேட்டால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். இரண்டாவது சொல் அநேகமாக வாசலைத் தாண்டாது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவரே ‘வயித்தை கிளீன் பண்ணாங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே நிற்கிற கவிதைகளை எப்படி வாசிக்கத் தொடங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில பெண்கள் கூடிக் கவிதை வாசிக்கிறோம். இலக்கியம் படித்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் தையல், டியூஷன், வங்கி வேலை என்று இருப்பவர்கள். அங்கே தடுமாறித் தடுமாறிக் கண்டுபிடித்த வழி இது. கவிதை வாசித்துப் பழக்கமே இல்லை என்றாலும் இதைப் பின்பற்றலாம்.

நான் எடுத்துக்கொள்வது மூன்று அமெரிக்கக் கவிதைகள். குவெண்டலின் புரூக்ஸ் 1945இல் வெளியிட்ட ‘தி மதர்’, ஆன் செக்ஸ்டனின் 1962ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ‘தி அபார்ஷன்’, லூசில் கிளிஃப்டனின் 1972ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ‘தி லாஸ்ட் பேபி போயம்’. மூன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். எல்லாம் சேர்த்தாலும் நூறு வரி வராது. ஆனால் ஒரே நாளில் மூன்றையும் வாசிக்காதீர்கள். ஒரு கவிதைக்கு ஒரு வாரமாவது கொடுங்கள்.

தொடங்கும் முன்

உங்களுக்கே இது நடந்திருந்தால், அதுவும் அண்மையில் நடந்திருந்தால், இந்தக் கவிதைகளை இரவில் தனியாக எடுக்காதீர்கள். பகலில், பக்கத்தில் யாராவது இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து போவதும் வாசிப்புதான். தூக்கம் கெட்டு, மனம் இறங்கிக்கொண்டே போனால் கவிதையைத் தள்ளி வையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கவிஞர் கருக்கலைப்பை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்ற கேள்வி வாயில் வந்து நிற்கும். எனக்கும் வந்தது. அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கவிதையில் பேசுகிற பெண் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவள் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் முதல் வேலை.

முதலில் அந்த வீட்டுக்குள் போங்கள்

புரூக்ஸிடமிருந்து தொடங்குங்கள். அவர் 1917இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் பிறந்து, கைக்குழந்தையாகச் சிகாகோவுக்கு வந்து, அங்கேயே வாழ்ந்து 2000இல் இறந்தவர். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரான்ஸ்வில் என்ற பகுதிதான் ‘தி மதர்’ இடம்பெற்ற அவருடைய முதல் தொகுப்பின் களம். 1950இல் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

‘தி மதர்’ கவிதைக்கு நேராகப் போகாமல், அதே தொகுப்பில் உள்ள ‘கிச்சனெட் பில்டிங்’ என்ற சின்னக் கவிதையை முதலில் வாசியுங்கள். கிச்சனெட் என்றால் பெரிய வீட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று வாடகைக்கு விடுவது. அமெரிக்கத் தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினக் குடும்பங்களை இப்படித்தான் அடைத்தார்கள். குளியலறை எல்லோருக்கும் பொது. அந்தக் கவிதையில், இந்தக் கட்டடத்தில் ஒரு கனவு பிழைக்குமா என்று ஒரு குரல் கேட்கிறது. வெங்காய வாடை, உருளைக்கிழங்கு வறுவல், நடையில் கிடக்கும் நேற்றைய குப்பை, எல்லாவற்றோடும் அந்தக் கனவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் யோசிக்கவே நேரமில்லை. ஐந்தாம் நம்பர்க்காரர் குளியலறையிலிருந்து வெளியே வந்துவிட்டார், வெதுவெதுப்பான தண்ணீராவது கிடைக்குமா என்று ஓட வேண்டும். நம்மில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதை வாசித்த பிறகு ‘தி மதர்’ கவிதையைத் திறந்தால் உங்களுக்கு ஓர் அறை கிடைத்துவிடும். கவிதைக்குள் வறுமை என்ற சொல் இல்லை. ஏன் செய்தாள் என்பதற்கு ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. ஆனால் அந்தச் சுவர்களுக்குப் பின்னாலிருந்துதான் குரல் வருகிறது.

ஆண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1945இல் அமெரிக்காவில் இது குற்றம். நாடு முழுவதும் சட்டப்படியான உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1973இல். அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை 2022இல் நீக்கியது. இந்தியாவில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி 1972இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே சட்டம் வழிவிட்ட இடத்தில் வீடு வாயை அடைக்கிறது, அங்கே அன்று சட்டமே கதவை அடைத்தது. வாசிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கவிதை அச்சாகுமா என்பதே ஒருகட்டத்தில் சந்தேகமாக இருந்தது. தொகுப்பின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்காகப் படித்துப் பார்த்தவர் நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட். மற்ற கவிதைகளைப் பாராட்டியவர், இதில் மட்டும் தயங்கினார். கருக்கலைப்பைக் கவிதையாக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அப்படி ஆக்கக்கூடிய கவிஞர் இன்னும் பிறக்கவில்லையோ என்பது போல எழுதினார். புரூக்ஸ் கவிதையைத் தொகுப்பிலிருந்து நீக்கவில்லை. தொகுப்பில் அதுதான் இன்று அதிகம் வாசிக்கப்படும் கவிதைகளில் ஒன்று.

உரக்க வாசியுங்கள், அகராதி வேண்டாம்

முதல் தடவை கண்ணால் வாசிக்காதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கிலம் தடுக்கினாலும் பரவாயில்லை. முதல் பத்து வரிகள் இரண்டிரண்டாக எதுகை போல இறுதி ஒலியில் ஒன்றிக்கொண்டு போகும், ஏறக்குறைய ஒரு குழந்தைப் பாட்டின் தாளத்தில். ‘மறத்தல்’ என்று பொருள்படும் சொல்லும் ‘பெறுதல்’ என்று பொருள்படும் சொல்லும் அங்கே ஒலியால் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. கருக்கலைப்புகள் உன்னை மறக்க விடாது, பெற்றும் பெறாத பிள்ளைகளை நீ நினைத்துக்கொண்டே இருப்பாய் என்று தொடங்குகிறது கவிதை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு கொடுப்பினை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘கிடைத்தது’ என்பதைத்தான் முதலில் சொல்கிறது. நமக்கோ ‘பெறு’ என்றால் அடைவதும் அதுதான், பிரசவிப்பதும் அதுதான். ‘பெற்றும் பெறாத பிள்ளைகள்’ என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் அந்த வரி இன்னும் ஆழமாகக் குத்துகிறது.

இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவள் அடுக்கும் சின்னச் சின்னச் செயல்களைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளை நீ அடிக்கப்போவதில்லை, அதட்டப்போவதில்லை, மிட்டாய் கொடுத்து வாயை அடைக்கப்போவதில்லை, விரல் சூப்புவதை நிறுத்தப்போவதில்லை, பேய் வருகிறது என்று அழுதால் விரட்டப்போவதில்லை. இழப்பைச் சொல்ல வந்தவள் கொஞ்சுவதை மட்டும் சொல்லவில்லை. அடிப்பதையும் கவனிக்காமல் விடுவதையும் சேர்த்துச் சொல்கிறாள். பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும், அதுவும் சேர்ந்ததுதான் தாய்மை. நம் தாலாட்டில்கூட யார் அடித்து நீ அழுதாய் என்று அத்தை, மாமன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவார்கள் இல்லையா? அடித்தவர் பட்டியலும் அன்பின் பட்டியலும் ஒன்றாகவே இருக்கும். இங்கே அடிக்கவும் ஆள் இல்லை, அழவும் ஆள் இல்லை.

பென்சில் எடுத்து ‘நீ’யைச் சுற்றி வட்டம் போடுங்கள்

கவிதையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அச்சடிப்பதைவிடக் கையால் எழுதுவது நல்லது. ‘யூ’ என்று வரும் இடமெல்லாம் வட்டம் போடுங்கள். ‘ஐ’ வரும் இடத்தில் கோடு போடுங்கள்.

முதல் பத்தி முழுக்க வட்டங்கள்தான். ‘நான் செய்தேன்’ என்று அவளால் அப்போது சொல்ல முடியவில்லை, ‘நீ மறக்கமாட்டாய்’ என்கிறாள். நம் ஊரிலும் பெண்கள் தங்களுடைய மிகப் பெரிய வலியை ‘ஒரு பொம்பளைக்கு அப்படி ஆயிட்டா எப்படி இருக்கும் சொல்லு’ என்று மூன்றாம் ஆள்மேல் ஏற்றித்தான் தொடங்குவார்கள்.

இரண்டாம் பத்தியில் திடீரென்று ‘நான்’ வருகிறது. காற்றின் குரலில் என் மங்கலான பிள்ளைகளின் குரலைக் கேட்டேன் என்கிறாள். அதன் பிறகு வரும் ‘யூ’ வேறு ஆள். இப்போது அவள் பேசுவது பிள்ளைகளிடம். அதே சொல், எதிரில் இருப்பவர் மாறிவிட்டார். வட்டங்களின் நிறத்தை இங்கே மாற்றிப் போட்டால் கண்ணுக்கே தெரியும்.

இறந்தவரை முன்னிலையில் வைத்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஒப்பாரி முழுக்க அப்படித்தான், ‘போனாரே’ என்பதைவிட ‘போனியே’ என்றுதான் பாடுவார்கள். ஆனால் ஒப்பாரிக்கு ஒரு உடல் வேண்டும், சுற்றி உட்கார நாலு பெண்கள் வேண்டும். இவளுக்கு இரண்டும் இல்லை. அந்தக் குறையை நினைத்துக்கொண்டு இரண்டாம் பத்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

இப்போது வினைச்சொற்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். வினைச்சொல்லை எல்லாம் அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள். கவிதையின் நடுவில் அவள் சட்டென்று தன்மேலே குற்றங்களை அடுக்குகிறாள். உங்கள் பிறப்பைத் திருடியிருந்தால், பெயர்களைத் திருடியிருந்தால், அழுகையை, விளையாட்டை, காதலை, கல்யாணத்தை, வலியை, சாவைக்கூடத் திருடியிருந்தால் என்று போகிறது. திருடு, பறி, நஞ்சிடு, எல்லாம் செய்வினை. ‘கலைச்சாச்சு’ பக்கம். ஆனால் அத்தனையும் ‘இருந்தால்’ என்ற வளையத்துக்குள் இருக்கின்றன.

அடுத்து வருகிறது, இந்தக் கவிதையின் இதயம் என்று நான் நினைக்கும் வரி. நான் தெரிந்தே செய்தபோதும் தெரிந்து செய்யவில்லை, நம்புங்கள் என்கிறாள். தருக்கம் பார்த்தால் இது நிற்காது. ‘கலைச்சாச்சு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘கலைஞ்சிடுச்சு’ என்பதை அவள் செருகப் பார்க்கிறாள். உடனே அவளுக்கே வெட்கமாக இருக்கிறது, எதற்கு இந்தப் புலம்பல், குற்றம் வேறு யாருடையதோ என்பதுபோல, எப்படியும் நீங்கள் செத்துவிட்டீர்களே என்று திருத்துகிறாள். அடுத்த மூச்சில், செத்தீர்கள் என்பதும் சரியில்லை, நீங்கள் உருவாகவே இல்லை என்கிறாள். அதுவும் தப்பு என்கிறாள். உண்மையை எப்படிச் சொல்வது என்று வாய்விட்டே கேட்கிறாள்.

பிறகு மூன்று குட்டி வாக்கியங்கள். பிறந்தீர்கள். உடல் இருந்தது. இறந்தீர்கள். அதற்கடுத்து, நீங்கள் சிரிக்கவில்லை, திட்டம் போடவில்லை, அழவில்லை, அவ்வளவுதான் என்கிறாள்.

இந்த ஆறேழு வரிகளுக்குள் ஒரு பெண் நான்கு வினைகளை எடுத்துப் போட்டுப் பார்த்து, நான்கும் அளவு சரியில்லை என்று கழற்றுகிறாள். இதைப் பார்த்துவிட்டால், மடித்து வைத்த தாளில் இருக்கும் ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்வி ஏன் இங்கே எடுபடாது என்பது புரியும். அந்தக் கேள்வி கேட்பவருக்கு ஒரு வினைச்சொல் போதும். அவளுக்குத்தான் போதவில்லை.

எங்கள் மாடியில் இதை வாசித்த அன்று, டியூஷன் எடுக்கும் தோழியின் மாமியாரும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஆங்கிலம் தெரியாது. மருமகளோடு வந்தோம், காபி குடித்துவிட்டுப் போவோம் என்ற அளவில்தான் உட்கார்ந்திருந்தார். நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ‘பெற்றும் பெறாத பிள்ளைகள்’ என்றபோது டம்ளரை டபராவுக்குள் வைத்தார். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“எனக்கு மூணு, அம்மாடி. யார் கேட்டாலும் ரெண்டுன்னுதான் சொல்லுவேன்” என்றார்.

அவருடைய மருமகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிய செய்தி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் டம்ளரை எடுத்து மிச்சக் காபியைக் குடித்தார். “சரி, நீ படி” என்றார்.

செக்ஸ்டனுக்கு ஒரு வரைபடம் வேண்டும்

ஒரு வாரம் கழித்து ஆன் செக்ஸ்டனுக்கு வாருங்கள். 1928இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், 1974இல் இறந்தவர். தன் வாழ்க்கையையே கவிதைக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

இந்தக் கவிதை ஒரு கார்ப் பயணம். அமெரிக்க வரைபடத்தைத் திறந்து வைத்து பென்சில்வேனியாவைத் தேடுங்கள். வடகிழக்கிலிருந்து தெற்கே இறங்கி, மலைகளைத் தாண்டி, நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போகும் பாதை. சட்டம் தடுத்திருந்த காலத்தில் இப்படி ஒருவரைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியிருந்தது. அவள் ஷூவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறாள். அந்த ஒரு விவரம்தான் என்னை உள்ளே இழுத்தது. நீண்ட பயணத்துக்கு முன் யாரும் செய்கிற சாதாரணக் காரியம் அது. மொட்டுகள் முடிச்சவிழும் வசந்த காலம் வேறு.

போகும்போது வரும் காட்சிகளை ஒரு பக்கத்திலும் திரும்பும்போது வரும் காட்சிகளை இன்னொரு பக்கத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது மேடும் பள்ளமுமாகப் பச்சை மயிர் முளைத்த மலைகள், நிலம் எங்கே பிளக்குமோ என்ற பயம், மென்மையான ஒன்று எப்படித்தான் பிழைக்கிறது என்ற வியப்பு. நிலக்கரியை எடுத்துக் காலியான குழி ஒன்றும் வருகிறது, அதைப் பார்த்தாலே அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். திரும்பும்போது வானம் மெலிந்துவிட்டது, சாலை தகரம்போலத் தட்டையாகிவிட்டது. மேடு எல்லாம் போய்விட்டது. நடுவில் நடந்ததைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறார். சின்ன மனிதர் ஒருவரைச் சந்தித்தேன், அன்பு தொடங்கிவைத்த நிறைவை அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

கவிதையில் ஒரே வரி மூன்று முறை வருகிறது. பிறந்திருக்க வேண்டிய ஒருவர் போய்விட்டார் என்று. வினையைப் பாருங்கள், ‘போய்விட்டார்’. யாரும் எதுவும் செய்யவில்லை, அவரே போய்விட்டதுபோல. ‘கலைஞ்சிடுச்சு’ பக்கத்து வினை. கடைசிப் பத்தியில் அவளே தன்னை உலுக்குகிறாள். பெண்ணே, இப்படிக் கணக்குப் போட்டால் சாவே இல்லாத இழப்பில்தான் போய் நிற்கும் என்கிறாள். கோழையே, சொல்ல வந்ததைச் சொல் என்கிறாள். பிறகு அரை வாக்கியம்: குழந்தை, ரத்தம், நான். குருதி வடிவது என்பது செயப்படுபொருள் ஏற்காத வினை. அதற்குக் குழந்தையைச் செயப்படுபொருளாகக் கொடுத்துவிட்டார். இலக்கணம் அங்கே உடைகிறது. தன்னைக் கோழை என்று அவள் திட்டிக்கொள்ளும் இடத்தில் எனக்கு எப்போதும் வருத்தம்தான் வரும். அவ்வளவு தூரம் தனியாகக் கார் ஓட்டிப் போய்வந்தவள் கோழை என்று நான் நம்பவில்லை.

கிளிஃப்டனிடம் தண்ணீரைப் பின்தொடருங்கள்

லூசில் கிளிஃப்டன் 1936இல் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளின் தாய். அவருடைய கவிதையில் பெரிய எழுத்தே கிடையாது, நிறுத்தற்குறியும் அநேகமாக இல்லை. சில வரிகளுக்கு நடுவே வெள்ளையாக இடம் விட்டிருப்பார். அந்த இடத்தில் மூச்சு விடுங்கள், அது அதற்காகத்தான்.

முதல் வரியிலேயே அவர் எடுக்கும் வினை ‘கீழே போடுவது’. கைதவறி விழுந்தாலும் அந்தச் சொல்தான், வேண்டுமென்றே போட்டாலும் அந்தச் சொல்தான். நம் மொழி பிரித்து வைத்திருக்கும் இரண்டையும் ஒரே சொல்லில் தாங்குகிறது அது. கருக்கலைப்பு என்ற சொல் கவிதைக்குள் எங்கும் வருவதில்லை. உடல் என்றும் நேராகச் சொல்லவில்லை, ‘அநேகமாய் உடல்’ என்பதுபோல ஒரு தயக்கத்தோடு சொல்கிறார். அது நகரத்துக்கு அடியில் ஓடும் தண்ணீரில் சேர்ந்து, சாக்கடையோடு கடலுக்குப் போகிறது. தண்ணீர் திரும்பி வரும் என்று எனக்கு என்ன தெரியும், மூழ்குவது என்றால் என்னவென்று எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்.

நடுப்பகுதியில் காரணம் வருகிறது, புரூக்ஸிடம் இல்லாத அளவுக்குத் தெளிவாக. எரிவாயு இணைப்பைத் துண்டித்த அந்த ஆண்டின் குளிர்காலத்தில் நீ பிறந்திருப்பாய். கார் கிடையாது. கனடாவிலிருந்து வீசும் காற்றுக்குள் மேட்டில் நடந்து போய், பனிக்கட்டிபோல நீ அயலார் கைக்குள் நழுவுவதைப் பார்த்திருப்போம். தத்துக் கொடுத்திருப்போம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். இந்தப் பகுதியின் வினைகளை எழுதிப் பாருங்கள்: பிறந்திருப்பாய், நடந்திருப்போம், பார்த்திருப்போம், விழுந்திருப்பாய். எல்லாமே ‘இருப்பு’ வைத்த சொற்கள், எதுவும் இருக்கவில்லை.

கடைசிப் பகுதிக்குச் சங்க இலக்கியம் கைகொடுக்கிறது. புறநானூற்றின் 72ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் உரைப்பான். பகைவரை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொள்வான். கிளிஃப்டனின் முடிவும் அதே வஞ்சினக் கட்டுதான். உயிரோடு இருக்கும் உன் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கு நான் ஒரு மலையைவிடக் குறைந்தால் ஆறுகள் என் தலைமேல் கொட்டட்டும், கடல்களைச் சிந்தியவள் என்று கடல் என்னை நினைக்கட்டும், என் இனத்து ஆண்களே என்னை அந்நியள் என்று அழைக்கட்டும் என்கிறார். எல்லாம் பெயரே வைக்கப்படாத உனக்காக என்று முடிக்கிறார். நெடுஞ்செழியன் தன் போரைத் தொடங்கும் முன் சொன்னதை, இவர் எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்கிறார்.

நாலு பேரோடு வாசிப்பதாக இருந்தால்

எந்தக் கவிதை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வராமல் இருக்க விரும்புபவர் வராமல் இருக்கலாம். ‘உங்களுக்கு அனுபவம் உண்டா’ என்று யாரையும் கேட்காதீர்கள். யாராவது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், உடனே ஆறுதல் சொல்லி மூடாதீர்கள். ‘எல்லாம் நன்மைக்கே’, ‘அப்புறம் ரெண்டு பொறந்துச்சே’ போன்றவை அங்கே வேண்டாம். வருத்தமே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது என்று ஒருவர் சொன்னாலும் நம்புங்கள். பலருக்கு அப்படித்தான் இருக்கிறது, அவர்கள்மேல் இந்தக் கவிதைகளின் துக்கத்தைத் தூக்கிச் சுமத்தக் கூடாது. அந்த அறையில் சொன்னது அந்த அறையோடு.

பிறகு ஒரு வரியை மொழிபெயர்த்துப் பாருங்கள்

முழுக் கவிதையையும் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். ஒரு வரி போதும். எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நம்முடைய தீர்ப்பு நமக்குத் தெரியாமலே வந்து விழுவதை அப்போது பார்ப்பீர்கள். பிள்ளைகளை அவள் ‘இனிப்புகளே’ என்கிற பொருளில் அழைக்கும் இடத்தை நான் முதலில் ‘குழந்தைகளே’ என்று எழுதினேன், மேடைப் பேச்சுபோல இருந்தது. ‘கண்ணுகளா’ என்று மாற்றிய பிறகுதான் அம்மா பேசுவதாகக் கேட்டது. ‘நீங்கள்’ என்பதும் சிக்கல்தான், மரியாதையா பன்மையா என்று தெரியாமல் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடிவாதம் காட்டியது புரூக்ஸின் முடிவு. நம்புங்கள், மங்கலாகத்தான் என்றாலும் உங்களைத் தெரியும், நேசித்தேன், உங்களை நேசித்தேன் என்று வந்து, கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தனியாக நிற்கிறது: எல்லாரையும். தமிழ் வாக்கியம் வினையில் முடியும். ‘உங்கள் எல்லாரையும் நேசித்தேன்’ என்றால் இலக்கணம் சரி, ஆனால் அந்தத் தனிச் சொல் வாக்கியத்துக்குள் புதைந்துவிடுகிறது. நாலைந்து விதமாக எழுதி அடித்துவிட்டு, அன்று கூட்டத்தில் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒன்றும் சரிவரவில்லை.

கூட்டம் கலைந்து எல்லோரும் மாடிப்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தது, இன்னொரு கால் துழாவிக்கொண்டிருந்தது.

“நாங்க பேசுறப்ப முன்னபின்னதான் வரும் அம்மாடி. ‘ஆசையாத்தான் இருந்தேன்... மூணு மேலயும்.’ அப்படி எழுதிக்கோ” என்றார்.

என் நோட்டில் அந்த வரி பென்சிலில் அப்படியே இருக்கிறது. ‘மூணு’ என்பதை மட்டும் இன்னும் மாற்றவில்லை.